ட்ரையல்ஸ் வண்டி: டூ ஸ்ட்ரோக்கா, ஃபோர் ஸ்ட்ரோக்கா? வேலூர் பக்கம் ஓட்ட எது சரிவரும்?

காட்பாடி ஜங்ஷன்

எல்லாருக்கும் வணக்கம். இங்க படிச்சுட்டு சத்தமில்லாம போற ஆள் நான். இப்ப ஒரு முடிவுக்கு வர முடியாம மண்டை காயுது, அதான் எழுதுறேன்.

ட்ரையல்ஸ் பழகணும்னு ஆசை. மோட்டோகிராஸ் இல்ல, ரேலி இல்ல. சீட்டே இல்லாத வண்டியில நின்னுக்கிட்டே, காலைக் கீழ ஊனாம, பாறை மேல ஊர்ந்து போறாங்களே, அது. அணைக்கட்டு பக்கம் எங்க பெரிய மாமாவுக்கு பட்டா நிலம் இருக்கு. பாதிக்கு மேல பாறை, ஏர் ஓட்ட முடியாது. "ஆட்டை மேய விடுறதுக்கு பதிலா நீ மேஞ்சுக்கோ"ன்னு சொல்லிட்டார். இடம் பிரச்சனை இல்ல.

பெங்களூர்ல ரெண்டு பழைய இறக்குமதி வண்டி விலைக்கு வருது. ஒண்ணு காஸ் காஸ் டிஎக்ஸ்டி புரோ 250, டூ ஸ்ட்ரோக். இன்னொண்ணு பீட்டா ஈவோ 250, ஃபோர் ஸ்ட்ரோக். ரெண்டும் ஏறத்தாழ ஒரே விலை. ரெண்டுக்கும் ரோட்டுப் பதிவு கிடையாது, குட்டி யானையில ஏத்திட்டுத்தான் போகணும். அது பரவாயில்ல.

நான் இப்ப ஓட்டுறது எக்ஸ்பல்ஸ் 200. டூ ஸ்ட்ரோக் அனுபவம்னா அப்பாவோட ஆர்எக்ஸ் 100-ஐ காலேஜ் படிக்கும்போது ஓட்டினது மட்டும்தான். எதை எடுக்கலாம்? நேரா சொல்லுங்க.

---

சத்துவாச்சாரி ஒர்க்‌ஷாப்

தம்பி, வண்டி எதுன்னு கேக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு யோசி. அது நின்னு போச்சுன்னா யார்கிட்ட தூக்கிக்கினு போவே? ஷோரூம் கெடையாது, மேனுவல் கெடையாது. என்ன மாதிரி ஆளுங்ககிட்டதான் வருவே.

டூ ஸ்ட்ரோக்னா ஹெட்டைக் கழட்டினா பிஸ்டன், ரிங், சிலிண்டர், முடிஞ்சுது கதை. வால்வு இல்ல, கேம் இல்ல, டைமிங் செயின் இல்ல. சாமான் கையில இருந்தா காலையில பிரிச்சு மதியத்துக்குள்ள ஸ்டார்ட் பண்ணிடலாம். ஃபோர் ஸ்ட்ரோக்ல வால்வு கிளியரன்ஸ் பாக்கணும், அந்த இடைவெளியைச் சரிபண்ற சின்னத் தகடு, ஷிம்னு பேரு, அந்த வண்டிக்குன்னே தேடணும். ஸ்பெயின்லயும் இத்தாலியிலயும் செஞ்ச வண்டிக்கு ஷிம் எங்க தேடுவே, புதுப்பேட்டையிலயா?

நான் கேட்டா ரெண்டுமே வேணாம்னுதான் சொல்லுவேன். ஒரு ஆர்எக்ஸ் பாடியை எடு, பின்னாடி பெரிய ஸ்ப்ராக்கெட் போடு, சீட்டைக் கழட்டு, ஹேண்டில்பாரை உசத்து. நானே பண்ணித் தரேன்.

---

குடியாத்தம் டு லீட்ஸ்

ஒர்க்‌ஷாப் அண்ணே சொன்ன சாமான் விஷயம் நூத்துக்கு நூறு சரி. ஆர்எக்ஸ் விஷயத்துக்கு அப்புறம் வரேன்.

நான் குடியாத்தத்துல பொறந்து இப்ப யார்க்‌ஷயர்ல வேலை பாக்கறேன். இங்க ஞாயித்துக்கிழமை ஆனா ஏதாவது ஒரு பண்ணை நிலத்துல கிளப் ட்ரையல்ஸ் நடக்கும். ரெண்டு வகையும் ஓட்டியிருக்கேன், அதனால கொஞ்சம் நீட்டமாவே சொல்றேன்.

தெரியாதவங்களுக்காக முதல்ல மார்க் கணக்கு. கயிறு கட்டின சின்னப் பாதை ஒண்ணு இருக்கும், அதுக்கு செக்‌ஷன்னு பேரு. கால் ஊனாம முடிச்சா 0. ஒரு தடவை ஊனினா 1, ரெண்டு தடவைன்னா 2, அதுக்கு மேல எத்தனை தடவை ஊனினாலும் 3. விழுந்தா, எல்லையைத் தாண்டினா, முடிக்க முடியலேன்னா 5. குறைஞ்ச மார்க் எடுத்தவன் ஜெயிச்சவன். வேகத்துக்கு இங்க வேலையே இல்ல.

அதனால எஞ்சின் எவ்வளவு பவர் தருதுங்கறதை விட்டுடுங்க. அந்த பவரை டயர் வழியா தரைக்கு எப்படிக் குடுக்குதுங்கறதுதான் கேள்வி. டூ ஸ்ட்ரோக் கிராங்க் ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு தடவை வெடிக்கும். ஃபோர் ஸ்ட்ரோக் ரெண்டு சுத்துக்கு ஒரு தடவைதான். அந்த ரெண்டு வெடிப்புக்கு நடுவுல இருக்கற இடைவெளியில டயர் தரையை மறுபடி கவ்விக்குது. சேறு, பாசி பிடிச்ச கல், ஈர வேர் இதுல எல்லாம் ஃபோர் ஸ்ட்ரோக் வழுக்காம ஏறும். இங்க மழையில ஓட்டும்போது அந்த வித்தியாசம் கையிலேயே தெரியும்.

இப்ப அணைக்கட்டுக்கு வாங்க. வருஷத்துல முக்காவாசி நாள் காய்ஞ்ச கருங்கல். நம்ம ஊரை "மரமில்லா மலை, நீரில்லா ஆறு"ன்னு கிண்டல் பண்ணுவாங்க இல்ல, ட்ரையல்ஸ்காரனுக்கு அது வரம். காய்ஞ்ச கருங்கல்ல, டயர்ல காத்தை இறக்கிட்டா, பிடிமானத்துக்குப் பஞ்சமே இல்ல. ஃபோர் ஸ்ட்ரோக்கோட பெரிய பலம் எதுவோ, அது உங்க இடத்துல பாதி வீணாப் போகுது. அதோட எடை மட்டும் உங்க கையில மிஞ்சும். டூ ஸ்ட்ரோக் ட்ரையல்ஸ் வண்டிங்க 65-லேருந்து 70 கிலோ இருக்கும். ஃபோர் ஸ்ட்ரோக் அதைவிட சில கிலோ கூட. "சில கிலோதானே"ன்னு தோணும். பழகுற ஆள் ஒரு காலையில எத்தனை தடவை கீழ போட்டுத் தூக்குவான்னு யோசிச்சுப் பாருங்க.

ஆனா இறக்கத்துல கதை மாறும். த்ராட்டிலை மூடினா ஃபோர் ஸ்ட்ரோக் தானாவே இழுத்துப் பிடிக்கும். டூ ஸ்ட்ரோக் கிட்டத்தட்ட ஃப்ரீயா உருளும், ரெண்டு பிரேக்கையும் விரல் நுனியில வெச்சு இறங்கணும். பாறை மேல பொடிச் சரளை கிடந்தா கேக்கவே வேணாம். மாமா நிலத்துல செங்குத்து இறக்கம் நிறைய இருக்கா?

---

புல்லட் பெரியவர்

இந்தப் பசங்க எல்லாம் என்னமோ ட்ரையல்ஸ் இப்பத்தான் வந்த மாதிரி பேசறீங்க. 1952-ல ஸ்காட்லாந்து ஆறு நாள் ட்ரையல்ஸை ஜெயிச்சது எது தெரியுமா? ராயல் என்ஃபீல்டு புல்லட், 350 சிசி, ஃபோர் ஸ்ட்ரோக். ஓட்டினவர் ஜானி பிரிட்டன். 1957-லயும் அவரே என்ஃபீல்டுலதான் ஜெயிச்சார். அந்தக் கம்பெனி 1955-ல நம்ம மெட்ராஸுக்கு வந்துச்சு. திருவொற்றியூர்ல செஞ்ச வண்டியோட ரத்தத்துலயே ட்ரையல்ஸ் இருக்கு. ஃபோர் ஸ்ட்ரோக்தான். இதுல விவாதம் எதுக்கு?

---

குடியாத்தம் டு லீட்ஸ்

ஐயா, வணக்கம். அந்தச் சரித்திரம் சரிதான், ஆனா அடுத்த பக்கத்தையும் படிக்கணும். சாமி மில்லர்னு ஒருத்தர். 500 சிசி ஏரியல் ஃபோர் ஸ்ட்ரோக்ல அதே ஸ்காட்லாந்து போட்டியை 1962-லயும் 1964-லயும் ஜெயிச்சவர். அவரே ஸ்பெயினுக்குப் போய் புல்டாக்கோ கம்பெனியோட சேர்ந்து ஷெர்பான்னு ஒரு லேசான டூ ஸ்ட்ரோக்கை உருவாக்கினார். 1965-ல அதை வெச்சு மறுபடி ஜெயிச்சார். அதோட கனமான பிரிட்டிஷ் ஃபோர் ஸ்ட்ரோக் காலம் முடிஞ்சுது. 1975-ல உலக சாம்பியன்ஷிப்னு ஆரம்பிச்சப்ப முதல் சாம்பியன் மார்ட்டின் லாம்ப்கின் ஓட்டினதும் புல்டாக்கோதான்.

2019-ல வந்த புல்லட் ட்ரையல்ஸ் பேருக்குத்தான் ட்ரையல்ஸ். அழகான வண்டி, எனக்கும் பிடிக்கும். ஆனா அதை மாமா நிலத்துல பாறை மேல ஏத்தினா கீழ இறக்க ஊரையே கூப்பிடணும்.

---

காட்பாடி ஜங்ஷன்

அப்ப டோனி போ? 2007-லேருந்து வருஷா வருஷம் அவர்தானே உலக சாம்பியன். அவர் ஓட்டுறது ஃபோர் ஸ்ட்ரோக் மோண்டெசாதானே? அதைப் பாத்துதான் எனக்குக் குழப்பமே வந்துச்சு.

இறக்கம் பத்திக் கேட்டீங்க. நிலத்தோட மேல் பக்கம் நல்ல செங்குத்து. கீழ் பக்கம் முழுக்க யானை முதுகு மாதிரி படுத்த பாறைங்க. பொடிச் சரளை மேல மட்டும்தான்.

---

குடியாத்தம் டு லீட்ஸ்

டோனி போகிட்ட பஜாஜ் சேத்தக்கைக் குடுத்தாலும் பாதி செக்‌ஷனை முடிச்சுடுவார். அவரை வெச்சு எஞ்சினை முடிவு பண்ணாதீங்க.

ஃபோர் ஸ்ட்ரோக்கால உலகப் பட்டம் வாங்க முடியும்னு 1982, 83, 84 மூணு வருஷமும் ஹோண்டாவுல எடி லெஜ்யூன் காட்டிட்டார். அதுக்கப்புறம் ரெண்டு பத்தாண்டுக்கு மேல டூ ஸ்ட்ரோக் ராஜ்ஜியம்தான். டூ ஸ்ட்ரோக்கையே போட்டியிலேருந்து எடுத்துடுவாங்கன்னு பேச்சு கிளம்பினப்பதான் ஹோண்டாவும் மோண்டெசாவும் 4ஆர்டி-ங்கற ஃபோர் ஸ்ட்ரோக்கைக் கொண்டு வந்தாங்க. பேட்டரியே இல்லாம ஃபியூயல் இன்ஜெக்‌ஷன், பெரிய கைவேலை. ஆனா தடை வரல. காஸ் காஸ், ஷெர்கோ, பீட்டா எல்லாம் இன்னிக்கும் டூ ஸ்ட்ரோக் செஞ்சு வித்துட்டுதான் இருக்காங்க. எங்க கிளப்புல வண்டி நிறுத்துற இடத்துல நின்னு பாத்தாலும் டூ ஸ்ட்ரோக்தான் அதிகம்.

உங்களுக்கு முக்கியமான இன்னொரு விஷயம். ஃபோர் ஸ்ட்ரோக்ல மெதுவா ஊர்ந்துக்கிட்டே திடீர்னு த்ராட்டிலைத் திறந்தா "க்கும்"னு இருமி நின்னுடும். பழகினவங்க கிளட்சை வெச்சு சமாளிப்பாங்க. புதுசா பழகுறவன் பாறை நடுவுல நின்னு, சாய்ஞ்சு, விழுவான். சூட்டுல கிக் பண்ணி மறுபடி கிளப்புறதும் டூ ஸ்ட்ரோக்லதான் சுலபம்.

---

பொன்னை ஆத்தங்கரை

எல்லாம் சரி, வெயிலைப் பத்தி யாருமே பேசலையே. அவர் யார்க்‌ஷயர்ல குளிர்ல ஓட்டுறார். இங்க மே மாசம் 40 டிகிரி சர்வசாதாரணம். கத்திரி வெயில்ல பாறை மேல கை வெக்க முடியாது.

ட்ரையல்ஸ் வண்டியில ரேடியேட்டர் உள்ளங்கை அளவுதான். வண்டி நடக்குற வேகத்துல போகுது, எதிர்காத்து கிடையாது. எல்லாமே அந்தச் சின்ன ஃபேனை நம்பித்தான். எந்த ஸ்ட்ரோக்கா இருந்தாலும் ஃபேன் ஓடலேன்னா கூலன்ட் கொதிச்சு வழியும். வாங்கறதுக்கு முன்னாடி எஞ்சினை சூடாக்கி, ஃபேன் தானா ஓடுதான்னு நின்னு பாருங்க. விக்கறவர் "அப்புறம் ஓடும்"னு சொன்னா எழுந்து வந்துடுங்க.

ஒர்க்‌ஷாப் அண்ணன் சொல்ற ஆர்எக்ஸ் ஏர் கூல்டு. ரோட்டுல 40, 50-ல போகும்போது காத்து பட்டு ஆறும். பாறையில ஃபர்ஸ்ட் கியர்ல கிளட்ச் உரசிக்கிட்டே கால் மணி நேரம் போனா பவர் படுத்துடும். நிழல்ல நிறுத்தி ஆற வெச்சு, மறுபடி ஏறி, மறுபடி ஆற வெச்சு...

---

சத்துவாச்சாரி ஒர்க்‌ஷாப்

ஆற வெச்சா இன்னா? வண்டியோட சேர்ந்து ஆளும் ஆறுவான். நல்லதுதானே.

டூ ஸ்ட்ரோக் எடுக்கறவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். அந்த வண்டியில ஆயில் பம்ப் கெடையாது, ஆயிலை பெட்ரோல்லயே கலந்து ஊத்தணும். ராஜ்தூத், யெஸ்டி காலத்து ஆளுங்களுக்குத் தெரியும். நீட்டு இறக்கத்துல த்ராட்டிலை மூடிட்டே உருட்டினா பெட்ரோல் உள்ள போவாது. பெட்ரோல் போவலேன்னா ஆயிலும் போவாது. பிஸ்டன் காய்ஞ்சு புடிச்சுக்கும். ஏலகிரியில பதினாலு வளைவையும் அப்படியே இறங்கி, கீழ வந்து ஜாம் ஆன வண்டியை நான் பிரிச்சிருக்கேன். நடுநடுவுல கிளட்சைப் புடிச்சு ஒரு முறுக்கு முறுக்கிக்கினே எறங்கணும். பாறையில எறக்கம் பத்தடி, இருபதடிதான், அதனால பயம் கம்மி.

ஆயில் லிட்டருக்கு 40 மில்லி ஊத்து. எஞ்சினுக்கு நல்லது.

---

குடியாத்தம் டு லீட்ஸ்

அண்ணே, அங்கதான் கொஞ்சம் நில்லுங்க. 40 மில்லி ராஜ்தூத் கணக்கு. இப்ப இருக்கற ட்ரையல்ஸ் வண்டிக்கு நல்ல சிந்தெடிக் ஆயில்னா லிட்டருக்கு 15 மில்லி அளவுதான். அதுக்கு மேல போனா பிளக் ஈரமாகும், சைலன்சர் அடைக்கும். மெதுவா ஓட்டுற வண்டியில ஆயில் எரிஞ்சு தீராது.

---

சத்துவாச்சாரி ஒர்க்‌ஷாப்

15 மில்லியா? மனசு கேக்கல. சரி, கம்பெனி புக்குல போட்டிருந்தா அப்படியே ஊத்து தம்பி. ஆனா மருந்து ஊத்துற அளவுக் குப்பி ஒண்ணு வாங்கி வெச்சுக்கோ, கண்ணால பாத்து ஊத்தாத.

---

பொன்னை ஆத்தங்கரை

கலந்த பெட்ரோலை கேன்ல மாசக்கணக்குல வெக்காதீங்க. இப்ப பங்க்ல வர்றது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் காத்துல இருக்கற ஈரத்தை இழுக்கும். நாளாச்சுன்னா தண்ணியோட சேர்ந்து அடியில தனியாப் பிரிஞ்சு நிக்கும். கார்புரேட்டர்ல விட்டு வெச்சா சின்ன ஜெட் அடைச்சுக்கும். டேங்க் ரெண்டரை, மூணு லிட்டர்தான் பிடிக்கும். அன்னிக்கு ஓட்டுற அளவு கலந்தா போதும். ஓட்டி முடிச்சதும் கார்பை வடிச்சுடுங்க. ஃபோர் ஸ்ட்ரோக் கார்புக்கும் இதே வைத்தியம்தான்.

---

சும்மா ஒருத்தன்

இவ்வளவு செலவு பண்ணி ரோட்டுல கூட ஓட்ட முடியாத வண்டி எதுக்கு ப்ரோ? எக்ஸ்பல்ஸ்லயே நின்னு ஓட்டிப் பழகுங்க. பின்னாடி ஸ்ப்ராக்கெட்டை மாத்தினா போதும்.

---

குடியாத்தம் டு லீட்ஸ்

எக்ஸ்பல்ஸ் 150 கிலோவுக்கு மேல. பேலன்ஸ், மெதுவா எட்டு போடுறது, கிளட்ச் கட்டுப்பாடு, இதெல்லாம் அதுல பழகலாம், பழகவும் வேணும். ஆனா இடுப்பளவு கல் மேல முன் சக்கரத்தைத் தூக்கி வெக்க 150 கிலோ விடாது. விழுந்தா லீவர், இண்டிகேட்டர், அப்புறம் முழங்கால்.

ஆர்எக்ஸ் விஷயம் பாக்கி இருக்கு. ஒர்க்‌ஷாப் அண்ணன் கோவிச்சுக்கக் கூடாது. 98 சிசி, 11 குதிரை, அதுவும் 7,500 ஆர்பிஎம்ல. அது மேல போய் கத்துற எஞ்சின். ட்ரையல்ஸுக்குக் கீழ முனகணும். ஃப்ளைவீல் லேசு, ஃபுட்ரெஸ்ட் முன்னாடி தள்ளி இருக்கு, ஹேண்டில் திரும்புற கோணம் குறைவு. ட்ரையல்ஸ் வண்டியில ஹேண்டிலை முழுசா ஒடிச்சு நின்ன இடத்துலயே திரும்பலாம். அதை எந்த ஸ்ப்ராக்கெட்டாலயும் கொண்டு வர முடியாது.

---

சத்துவாச்சாரி ஒர்க்‌ஷாப்

ஃப்ளைவீல்ல எடை ஏத்தலாம். ஹெட்டுக்கு அடியில இன்னொரு கேஸ்கெட் வெச்சு கம்ப்ரஷனைக் கொறைக்கலாம். ஃபுட்ரெஸ்ட்டை வெட்டி பின்னாடி வெல்டிங் வெக்கலாம். நீ சொல்ற ஹேண்டில் கோணம் மட்டும் என்னால ஆவாது, ஒத்துக்கறேன். ஆனா இன்னிக்கு ஆர்எக்ஸ் விக்கற விலைக்கு அதை வெட்ட எனக்கே மனசு வரல. 1996-லயே நிறுத்தின வண்டி. முழுசா இருந்தா பொன்னு விலை.

---

நெறியாளர்

நடுவுல ஒரு வார்த்தை. இழையைப் படிக்கறவங்க உடனே வண்டியைத் தூக்கிட்டு மலைக்குக் கிளம்பிடாதீங்க. அமிர்தி, ஜவ்வாது மலை பக்கம் பெரும்பகுதி காப்புக்காடு. அனுமதி இல்லாம உள்ள போனாலே வழக்கு. வள்ளிமலை பாறையில சமணர் சிற்பங்கள் இருக்கு, கோயிலும் இருக்கு, அந்தப் பக்கம் டயரே படக்கூடாது. கைவிட்ட கல்குவாரின்னு நினைக்கறது யாரோட குத்தகையிலயாவது இருக்கும். கேள்வி கேட்டவர் மாதிரி சொந்த பட்டா நிலம்னா மட்டும் ஓட்டுங்க. பதிவுள்ள வண்டியை வெட்டி மாத்தினா மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு இருக்கு, அதையும் மறக்க வேணாம்.

---

காட்பாடி ஜங்ஷன்

எல்லாருக்கும் நன்றி. நேத்து மாமா நிலத்துக்குப் போய் நடந்து பாத்தேன். மேல் பக்கச் செங்குத்தை இப்போதைக்கு விட்டுடலாம், அது என் தகுதிக்கு மேல. கீழ இருக்கற படுத்த பாறையே ஒரு வருஷத்துக்குத் தாங்கும். அதனால மனசு டூ ஸ்ட்ரோக் பக்கம் சாய்ஞ்சுடுச்சு. ஆனா ஒரு பயம். 250 டூ ஸ்ட்ரோக்னா எகிறித் தூக்கிப் போடாதா? அப்பாவோட ஆர்எக்ஸே என்னை ஒரு தடவை சாய்ச்சிருக்கு.

---

குடியாத்தம் டு லீட்ஸ்

ட்ரையல்ஸ் 250 அந்த மாதிரி எகிறாது, கீழ் ஆர்பிஎம்ல சாதுவா இருக்கும்படிதான் செஞ்சிருக்காங்க. அப்பவும் பயமா இருந்தா மெதுவாத் திறக்கற த்ராட்டில் டியூப் கிடைக்கும். ஃப்ளைவீல் எடை கூட்டலாம். வண்டியில மேப் சுவிட்ச் (எஞ்சின் பவர் தர்ற விதத்தை மாத்தற சுவிட்ச்) இருந்தா மழைக்கான மேப்ல போட்டு ஓட்டுங்க. ஒரு விரல் எப்பவும் கிளட்ச்ல இருக்கட்டும்.

பெங்களூர்ல பாக்க வேண்டியது: கியர்பாக்ஸ் ஆயிலைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்க. பால் காப்பி நிறத்துல இருந்தா வாட்டர் பம்ப் சீல் போயிருக்குன்னு அர்த்தம். கியர் போட்டு கிளட்சைப் பிடிச்சா வண்டி முன்னாடி இழுக்குதான்னு பாருங்க. பின் சக்கரத்தைப் பிடிச்சு மேலயும் கீழயும் ஆட்டினா பின் சஸ்பென்ஷனோட லிங்கேஜ் பேரிங் தேஞ்சிருக்கறது தெரிஞ்சுடும். அடித்தகட்டுல அடி இருக்கறது சகஜம், அதுக்குப் பேரம் பேசாதீங்க. கிக் ரெண்டு மூணு தடவை வழுக்கினா கட்டாயம் பேசுங்க.

டயர் காத்து பின்னாடி நாலு, அஞ்சு பிஎஸ்ஐதான். பஞ்சர் கடை கேஜ்ல அவ்வளவு கீழ முள்ளு அசையாது. குறைஞ்ச அழுத்தம் காட்டற கேஜ் ஒண்ணு தனியா வாங்கிக்கோங்க.

---

புல்லட் பெரியவர்

டூ ஸ்ட்ரோக்கே எடுத்துக்கோ. எனக்கு வருத்தம் இல்ல. ஆனா தம்பி, சத்தம் ஃபோர் ஸ்ட்ரோக்தான்.

---

சத்துவாச்சாரி ஒர்க்‌ஷாப்

வண்டி வாங்கப் போறப்ப என்னையும் கூட்டிக்கினு போ தம்பி. ஞாயித்துக்கிழமை கடை லீவு. பிஸ்டனும் ரிங் செட்டும் ஒண்ணு சேத்துக் குடுக்கறாரான்னு விக்கறவர்கிட்ட இப்பவே போன்ல கேட்டுடு, நேர்ல போய் கேட்டா இல்லேம்பார்.

---

காட்பாடி ஜங்ஷன்

கேட்டுட்டேன் அண்ணே. பிஸ்டன் இல்ல, ஒரு ரிங்கும் கேஸ்கெட் செட்டும் இருக்காம். வர ஞாயிறு காலை காட்பாடியிலேருந்து ட்ரெயின்ல போயிடலாம். வண்டி படிஞ்சா அங்கயே லோடு வண்டி பேசி ஏத்திடலாம். உங்க ஸ்பேனர் பையை மட்டும் எடுத்துட்டு வாங்க.